சாக்ஸை இழுத்தால் வராதே

இழுத்தான். இடது சாக்ஸை மேலே இழுத்துவிட்டான். அப்படியென்றால் ஒன்றுமில்லை, நீ உட்கார், வராதே என்று அர்த்தம். சரி, உட்கார்ந்தேன். எப்போது எழுந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. கையில் ஐஸ் பை. அது நனைந்து என் டிராக் பேன்ட் தொடைப் பக்கம் ஈரமாகி, பக்கத்தில் இருக்கும் மாற்று கோல்கீப்பர் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். ஐம்பத்திநாலாவது நிமிடம். இரண்டாம் பாதி தொடங்கி ஒன்பதே நிமிடத்தில் நான்காவது தடவை சாக்ஸை இழுக்கிறான். முதல் பாதி முழுக்க இரண்டு தடவைதான் இழுத்தான். நல்ல சாக்ஸ், புதுசு, மத்தியானம் நானே பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன், அது நழுவவே நழுவாது. இது நாங்கள் இரண்டு பேரும் செய்துகொண்ட ஏற்பாடு. பிசியோவான நான் மைதானத்துக்குள் போய்க் காலைத் தொட்டால் அடிபட்டவன் கோட்டுக்கு வெளியே போய்விட்டுத்தான் திரும்ப வர வேண்டும், அது விதி, அந்த அரை நிமிடம் நடுவில் ஆள் இல்லாமல் ஓட்டை விழும். அதனால் ஜசிந்தோ வந்த முதல் மாதமே சொல்லிவிட்டான், நான் விழுந்தால் உடனே ஓடி வராதே, என் சாக்ஸைப் பார், இழுத்தால் வராதே. இழுக்காவிட்டால்? என்றேன். இழுக்காவிட்டால் ஸ்ட்ரெச்சரோடு வா என்று சிரித்தான். அப்போது நானும் சிரித்தேன், எனக்கென்ன. கோச் லாசரஸ் மச்சாடோ கோட்டோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். கோல் இல்லை, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இப்படியே டிராவில் முடிந்தால்கூடப் போதும், லீகில் தங்கிவிடுவோம். தோற்றால் கீழே. கீழே போனால் கிளப் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. கோச் திரும்பி என்னைப் பார்த்தார். என்னையா, ஐஸ் பையையா, எனக்குப் பின்னால் இறங்கும் வெயிலையா. நான் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். என் ஷூவில் லேஸ் கிடையாது.

சொல்லிவிட வேண்டும். யாரிடமாவது, இந்த கோல்கீப்பரிடமாவது. அந்த முழங்கால் போய்விட்டது. எட்டாம் நம்பர், ஜசிந்தோ ஃப்ரகோசோ, போர்ச்சுக்கல்காரன், முப்பத்திநாலு வயது, எங்கள் கிளப்பின் நடு ஆட்டக்காரன், அவனுடைய இடது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார் பாதிக்கு மேல் அறுந்திருக்கிறது. மூன்று வாரமாக எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு தடவை அந்தக் காலை ஊன்றித் தப்பாகத் திரும்பினால் மிச்சமும் அறுந்துவிடும், கூடவே குருத்தெலும்பும் கிழிந்தால் ஆட்டத்தை விடு, நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுவான். என்னை மாதிரி. இதோ பந்து அவனிடம் போகிறது. பார்த்தாயா, வருவதற்கு முன்பே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கழுத்து மட்டும் திரும்பும், உடம்பு அசையாது. பந்து காலுக்கு வந்து சேரும்போது அது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். ஒரே தொடுதல், வலது ஓரத்தில் நிற்பவனுக்குச் சரியாக ஓடும் வேகத்தில். கேலரியில் யாரும் கை தட்டவில்லை. இதற்கெல்லாம் யார் தட்டுகிறார்கள். கோல் போட்டவனுக்குத்தான் தட்டுவார்கள், அதற்கு மூன்று பாஸுக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டவன் யார் என்று பேப்பர்க்காரனுக்கே தெரியாது. வியாசர்பாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம், டிவி முன்னால் உட்கார்ந்து இந்த மாதிரி ஆட்களை மட்டும் பார்ப்போம். பந்தைப் பார்க்காதே, அவன் கழுத்தைப் பார் என்போம். அப்படிப்பட்ட கழுத்து ஒன்று நேரில் என் டேபிளில் வந்து படுக்கும் என்று யார் நினைத்தார்கள். எரிச்சலாக இருக்கிறது. எதற்கு எரிச்சல் என்றும் தெரியவில்லை. வாட்டர் பாட்டில் மூடியைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். அண்ணா, குடிக்கிறீங்களா இல்லையா என்கிறான் கோல்கீப்பர். "நீ ஆட்டத்தப் பாரு" என்றேன்.

அவனுடைய உடம்பை நான் படித்த மாதிரி என் பாடப் புத்தகத்தைக்கூடப் படித்ததில்லை. மூன்று வருடம், தினமும் காலை ஏழரைக்கு. வலது புருவத்தில் ஆறு தையல், அது பத்தொன்பது வயது, இரண்டாம் டிவிஷனில் முதல் ஆட்டம், ஒருவனின் முழங்கை. இடைவேளையில் தைத்துக்கொண்டு திரும்பி வந்து ஆடியிருக்கிறான். இடது கணுக்காலில் ஒரு முண்டு, அது வடக்கே ஏதோ மழை ஊர், வருடத்தில் பாதி நாள் சேறு, இரண்டு சீசன். சொந்த ஊர் செதூபால், மீன் துறைமுகம். சின்ன வயதில் அங்கே ஒரு கோச் இவனைப் பார்த்துவிட்டு, உனக்கு ஓட்டமும் இல்லை, உயரமும் இல்லை, அதனால் நடுவில் நின்று யோசி என்றாராம். பதினேழு வருடமாக நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறான். இருபத்திநாலு வயதில் முதல் டிவிஷன், ஒரே ஒரு சீசன், பதினோரு ஆட்டம். அதில் ஒன்று லிஸ்பனில், பெரிய மைதானம், எழுபத்தோராவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கினான். பத்தொன்பது தடவை பந்தைத் தொட்டான். அந்தப் பத்தொன்பதையும் வரிசையாகச் சொல்வான், எட்டாவது மட்டும் தப்பு, கொஞ்சம் வேகமாக அடித்துவிட்டேன் என்பான். இருபத்தாறில் ருமேனியா, இதே இடது முழங்காலில் சவ்வு ஆபரேஷன், உள்பக்கம் புழு நெளிந்த மாதிரி ஒரு தழும்பு. அவனை எடுக்க வந்த பெரிய கிளப் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பிறகு சைப்ரஸ், அங்கே காறை எலும்பு உடைந்தது. பிறகு சென்னை. சென்னையின் தழும்பு எது? அதைத்தான் நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். வந்த முதல் நாள் நான் டிரெஸ்ஸிங் ரூம் பையனிடம் "அலமாரி சாவி எங்கடா" என்று கத்தியதும் இவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். அலமாரி எங்கள் சொல், சாவியும் எங்கள் சொல் என்றான். ஜன்னலைக் காட்டினான், ஜனேலா என்றான். அன்று முழுக்க இரண்டு பேரும் டிரெஸ்ஸிங் ரூமில் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோச் தூத்துக்குடிக்காரர், குடும்பப் பெயர் மச்சாடோ என்று கேட்டதும் அவனுக்குத் தலை சுற்றிவிட்டது. அவனுடைய அம்மா வீட்டுப் பெயரும் மச்சாடோ. "அப்பம் நான் உனக்கு மாமன் முறைல்லா" என்றார் கோச். அன்றிலிருந்து கோச்சுக்குக் கிளப்பில் மாமா என்றுதான் பெயர். அவர் முகத்துக்கு நேரே இவன் ஒருத்தன் மட்டும் அப்படிக் கூப்பிடலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை. வேண்டாம், அதை நினைக்காதே, ஆட்டத்தைப் பார். எங்கள் கார்னர். யாரோ தலையால் முட்டி வெளியே அடித்துவிட்டான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பயிற்சிக்கு முன்னால் வழக்கம்போல டேபிளில் படுத்தான். முந்தின நாள் ஆட்டத்தில் லேசாக மடங்கிவிட்டது என்றான். ஒரு கையால் தொடையைப் பிடித்து இன்னொரு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. நல்ல காலாக இருந்தால் கொஞ்சம் வந்து டக்கென்று நிற்கும், சங்கிலி மாட்டிய கதவைத் தள்ளினால் நிற்குமே, அந்த மாதிரி. அன்று நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. என் கட்டைவிரல் அங்கேயே நின்றுவிட்டது. ஜசிந்தோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்ன என்றான். சின்னச் சுளுக்கு என்றேன். என் வாயில் இருந்துதான் வந்தது, நான்தான் சொன்னேன். சுளுக்கு. ஸ்கேன் எடுக்க வேண்டும், இன்றே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டிய வாய். வெளியே கோச் கேட்டார், அவரிடமும் அதே சுளுக்கு. வீட்டில் என் மனைவி ஹெலன் கேட்டாள், உங்க போர்ச்சுக்கல்காரருக்கு என்னவோ அடியாமே என்று, அவளிடமும் சுளுக்கு. அவளிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவள் என்ன பத்திரிகைக்காரியா. அன்று ஒரு தடவை சொன்னது, பிறகு மாற்ற முடியவில்லை. முதல் வாரம், இந்த ஒரு ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் ஜெயித்துவிட்டோம். ஜெயித்த மறுநாள் போய் எவன் சொல்வான். அப்புறம் அவனுக்கே தெரியாமலா இருக்கும், பதினேழு வருடம் ஆடியவன், தன்னுடைய காலைத் தனக்குத் தெரியாதா, தெரிந்துதானே ஆடுகிறான், அவன் இஷ்டம், நான் யார் தடுக்க. இப்படி. ராத்திரி படுத்தால் இதேதான், காலையில் பல் தேய்த்தால் இதேதான். அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு, அதுவும் நான்தான். என் டேப். முடியை மழித்து, பசை அடித்து, மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை சுற்றி, அதன்மேல் பழுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டினால் அந்த முழங்கால் அசைய நினைத்தாலும் அசையாது. இந்த லீகில் என்னைப் போல் டேப் போட ஆள் இல்லை, இதை நானே சொல்லிக்கொள்ளலாம். போட்டு முடித்ததும் எழுந்து இரண்டு குதி குதித்துப் பார்ப்பான். அண்ணா, எனக்கு இருபத்தைந்து வயசு என்பான். நான் ஏதாவது பேசிக்கொண்டே சுற்றுவேன், காசிமேட்டில் வஞ்சிரம் கிடைக்கவில்லை, ஹெலன் கோபத்தில் இருக்கிறாள், மழை வருமா வராதா என்று. கால் அவனுடையது. அவனுக்கே தெரியாமல் அதைக் கட்டி மறைத்துவிட்டேன்.

அறுபத்திமூன்று. கோச் திரும்பவில்லை. சூயிங்கம் ருசி போய் ரப்பராகிவிட்டது, துப்ப இடமில்லை. இதே மைதானம்தான். இதே பக்கத்துக் கோட்டோரம்தான். எனக்கு இருபத்தியிரண்டு வயது, மாநில அணிக்குத் தேர்வு ஆட்டம், நான் நடுவில். முதல் பாதியில் வலது முழங்கால் உள்ளே ஏதோ பிசகியது, பட்டென்று சத்தம்கூடக் கேட்டது, எனக்கு மட்டும். பீட்டர் மாஸ்டர் ஓடி வந்தார். அப்போது பிசியோ எல்லாம் கிடையாது, மாஸ்டர்தான், கையில் ஒரு ஸ்பிரே, தோளில் துண்டு. ஜில்லென்று அடித்தார். "இன்னாடா, வலிக்குதா?" என்றார். "வலிக்கல மாஸ்டர்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மீசையில் வியர்வை. "ஒண்ணும் இல்ல, எழுந்து ஓட்றா" என்றார். ஓடினேன். பதினைந்து நிமிடம் ஓடினேன். அதோடு சரி. இருபத்தியிரண்டு வருடமாக அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் செத்தபோது சாவுக்கும் போகவில்லை. தெரிந்தே ஓடவிட்ட பாவி என்று ஹெலனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதற்காகத்தான் இந்தப் படிப்பையே படித்தேன், என்னை மாதிரி ஒருத்தன் அப்படி ஆகக்கூடாது என்று. காலேஜ் நேர்முகத்தில்கூட இதைச் சொன்னேன், கேட்டவர்கள் உருகிப்போய் சீட் கொடுத்தார்கள். வெட்கமாக இருக்கிறது. இப்போது நான் யார், தோளில் துண்டு இல்லாத பீட்டர் மாஸ்டர். கிளப்புக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லலாம். பொய். கிளப் போனால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். அவனுக்காக மறைத்தேன், ஸ்கேன் எடுத்தால் முப்பத்திநாலு வயதுக்காரனை எந்தக் கிளப் எடுக்கும், ஊரில் அவன் தம்பி படகு ஓட்டுகிறான், இவன் போய் என்ன செய்வான், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்று ஒருநாள் என்னிடமே கேட்டான். அதுவும் பொய். முழுப் பொய் இல்லை, ஆனால் பொய். எனக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கழுத்து திரும்புவதை, பந்து வருமுன் எல்லாம் முடிவாகிவிடுவதை, நான் ஆடியிருக்க வேண்டிய இடத்தில் நின்று ஒருவன் நான் ஆடியிருக்க வேண்டிய மாதிரி ஆடுவதை, இன்னும் நான்கு ஆட்டம், இன்னும் மூன்று, இன்னும் இரண்டு, இன்னும் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். அவன் கால் என்ன ஆனாலும் சரி. இந்த எண்ணம் எனக்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இழுத்தான். ஐந்தாவது தடவை. இல்லை, ஆறு. விழவே இல்லை, யாரும் மோதவும் இல்லை, எதற்கு இழுக்கிறான். நின்ற இடத்தில் நின்று என் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இழுக்கிறான். பந்து போனது, வந்தது. இடது தோளுக்கு மேல் பார்க்கவில்லை. வலது பக்கம் மட்டும் பார்த்தான். அடுத்த பந்தும் அப்படித்தான். இடது பக்கமாகத் திரும்ப வேண்டிய பந்தைத் திரும்பாமல் பின்னாலேயே தட்டிவிட்டான். இடது காலை ஊன்றவே இல்லை. கேலரிக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது, கூட ஆடுகிறவனுக்குக்கூடத் தெரியாது, தோற்றுவிடக் கூடாது என்று பத்திரமாக ஆடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். எனக்குத் தெரிகிறது. இன்னொருவனுக்கும் தெரிந்துவிட்டது. எதிரணி ஆறாம் நம்பர். இவ்வளவு நேரம் இடது பக்கம் நின்று மறித்தவன் இப்போது இடம் மாறி நிற்கிறான். ஜசிந்தோவின் வலது பக்கத்தை அடைத்து, இடது பக்கத்தைத் திறந்து வைக்கிறான். வா, இந்தப் பக்கம் திரும்பு பார்க்கலாம் என்கிற மாதிரி. அவன் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன், நல்ல நடு ஆட்டக்காரன் அதைத்தான் செய்வான். சொந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் மூடி வைத்ததை எதிராளி பத்து நிமிடத்தில் படித்துவிட்டான். அடுத்த பந்து நேராக ஜசிந்தோவுக்கு வந்தது. ஆறாம் நம்பர் வலது பக்கமாகப் பாய்ந்து வந்தான். இடது பக்கம் முழுக்கக் காலி, திரும்பினால் எங்கள் ஃபார்வர்டு தனியாக நிற்கிறான், கோல். அவன் திரும்பப் பார்த்தான். இடது காலை ஊன்றினான், உடம்பு திரும்பத் தொடங்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேலரி முழுக்க "ச்சே" என்றது. திறந்தேன். நின்றுகொண்டுதான் இருந்தான். கடைசி நொடியில் விட்டுவிட்டு பந்தை வெளியே தட்டியிருக்கிறான். குனிந்து இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி நிற்கிறான். என்னைப் பார்க்கிறான். சாக்ஸை இழுக்கிறான்.

எழுந்தேன். இந்தத் தடவை எழுந்தது எனக்குத் தெரிந்தது. பெஞ்சுக்கும் கோட்டுக்கும் ஏழெட்டு அடி இருக்கும். கால் பின்னிக்கொண்டது, என் வலது கால், என் பழைய கால். என்ன சொல்ல வேண்டும் என்று வாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன், கொஞ்சம் டயர்டா இருக்கான் சார் என்று சொல்லிவிடலாமா, இப்போதுதான் அடிபட்டது என்று சொல்லிவிடலாமா, சொன்னால் எவனுக்குத் தெரியப்போகிறது, மூன்று வாரமும் அப்படியே புதைந்துவிடும், எனக்கும் வேலை இருக்கும். அது சுலபமான வழி, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"சார், எட்டாம் நம்பர எடுத்துருங்க."

"எதுக்குல? நல்லாத்தான ஆடுதான்." அவர் கண்ணை மைதானத்திலிருந்து எடுக்கவில்லை.

"முட்டி போயிடுச்சு சார். லிகமென்ட்டு."

"எப்பம்? இப்பமா?"

"இப்ப இல்ல சார். மூணு வாரம் ஆவுது."

அப்போதுதான் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் ஒன்றும் புரியாமல் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"சுளுக்குன்னுல்லா சொன்ன?"

"பொய் சொன்னேன் சார். கையில பாத்த அன்னிக்கே தெரியும்."

"அவனுக்குத் தெரியுமால?"

அதைத்தான் மூன்று வாரமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தெரியல சார்" என்றேன்.

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் என்ன அவனத் தின்னுருவனா? அக்கா மவன் மாதிரி வச்சிருந்தேன்ல அவன. போய் உக்காரு. ஆட்டம் முடியட்டு, ஒன்னட்ட பேசுதேன்" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்து ஒருவனை எழுப்பினார். பந்து வெளியே போனதும் நம்பர் பலகை ஏறியது. சிவப்பில் எட்டு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், எழுபத்தொன்று. ஜசிந்தோ பலகையைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான், வேறு யாருக்காவது எட்டு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு நடந்து வந்தான். மெதுவாக, நேரத்தை இழுக்கிற மாதிரி, ஆனால் நேரத்தை இழுக்கவில்லை. நொண்டக்கூடாது என்று ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான். பதினேழு வருட ஆட்டம் அந்த முப்பது அடியில் முடிகிறது என்பது கேலரிக்குத் தெரியாது, ஏதோ வழக்கமாகத் தட்டுகிற மாதிரிதான் தட்டினார்கள். கோச் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். "வா மருமவனே" என்றார். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் வந்து கோல்கீப்பரை நகரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான், பூட்ஸைக் கழற்றினான், சாக்ஸை உருவித் தரையில் போட்டான், இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தான். வெட்டு என்றான்.

கத்தரிக்கோல் நுனியை டேப்புக்கு அடியில் விட்டேன். பழுப்பு டேப் கரகரவென்று பிரிந்தது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, ஸ்பாஞ்ச் பட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. முழங்கால் வெளியே வந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த வீக்கம் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே வந்துவிட்டது, பழைய தழும்புகூடத் தெரியவில்லை. ஈரப் பட்டையைச் சுருட்டி பெஞ்சுக்கு அடியில் போட்டேன். ஜசிந்தோ மைதானத்தைப் பார்த்துக்கொண்டே அவனுடைய உடைந்த ஆங்கிலத்தில் பேசினான். நான் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் என்னிடம் நீ முதலில் என்ன சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா என்றான். அவனே சொன்னான், தமிழில், நான் சொல்கிற மாதிரியே தலையைச் சாய்த்து. "வலிக்குதா?" குட் மார்னிங்கூட அதற்கு அப்புறம்தான் சொல்வாய், நான் படித்த முதல் தமிழ் அதுதான் என்றான். இருபத்தாறு பேரிடமும் கேட்பாய். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மற்ற இருபத்தைந்து பேரிடமும் கேட்டாய். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. மீனைப் பற்றிச் சொன்னாய், மழையைப் பற்றிச் சொன்னாய், உன் மனைவி கோபத்தைப் பற்றிச் சொன்னாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கால் போய்விட்டது என்று. நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. யாருக்குத்தான் இருக்கும். தினமும் டேபிளில் படுத்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குக் கேட்பாய், இன்றைக்குக் கேட்பாய் என்று. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் அண்ணா.

கேலரி திடீரென்று எழுந்து கத்தியது. எங்கள் பக்கத்துக் கேலரியா, அவர்கள் பக்கத்துக் கேலரியா, தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. பீட்டர் மாஸ்டரின் மீசை, அதில் வியர்வை. அவர் கேட்கவாவது செய்தார். ஐஸ் பையை எடுத்தேன், இவ்வளவு நேரம் கையில் பிடித்துப் பிடித்து எல்லாம் உருகி வெறும் தண்ணீராக இருந்தது, ஆனாலும் வைத்தேன், வேறு என்ன செய்ய. வீக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். கொதித்தது.

"வலிக்குதா?" என்றேன்.

பழக்கத்தில் அவன் கை சாக்ஸை இழுக்கக் கீழே போனது. வெறும் கால். விரல்கள் கணுக்காலில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அங்கேயே நின்றன.

"வலிக்குது அண்ணா" என்றான்.